கோடைமலை ஏறும் பழைய கார்



வெயில் காலம் பிறந்தால் மதுரை, திண்டுக்கல் வட்டாரத்துக் குடும்பங்களின் நினைவு கோடைக்கானலை நோக்கித் திரும்புவது இயல்பு. வத்தலக்குண்டு கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடைக்கானல் ஏரியோ ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் விளங்குகிறது. இடைப்பட்ட 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் வண்டியானது 1,800 மீட்டர் ஏறியாக வேண்டும். புதிய வண்டிக்கு இது எளிய வேலை. இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த வண்டிக்கோ இது ஒரு தேர்வு. அத்தேர்வின் முதற்கேள்வி, ரேடியேட்டரில் போதிய நீர் உள்ளதா என்பதே.

1845ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் இம்மலைமேல் முதல் வீடுகளை அமைத்தபோது இங்கே மோட்டார் சாலை இல்லை. ஏறியவர்கள் குதிரைகளையும், டோலி சுமந்த மனிதர்களின் தோள்களையும் நம்பினார்கள். சுமப்பவனுக்கு மூச்சு வாங்கினால் அவன் டோலியை இறக்கி வைத்து இளைப்பாறுவான். இயந்திரத்திற்கு வாய் இல்லை. அதன் களைப்பை வெப்பமானி முள் ஒன்றே காட்டுகிறது. அந்த முள்ளையும் முழுவதும் நம்புவதற்கில்லை. நீர்மட்டம் மிகவும் தாழ்ந்துவிட்டால், வெப்பத்தை உணரும் கருவி நீரில் மூழ்காமல் வெறுமனே நிற்கும். அப்பொழுது இயந்திரம் எரிந்துகொண்டிருக்க, முள் அமைதியாகக் கிடப்பதும் உண்டு.

ஆகவே, நீரைச் சோதிக்க வேண்டிய இடம் மலையடிவாரம் அன்று; வீட்டு வாசல். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வந்து சேருமுன்பே இயந்திரம் கொதித்திருக்கும். புறப்படும் நாளின் விடியற்காலையில், சமமான தரையில் நிற்கும் வண்டியில், இயந்திரம் நன்கு குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் இன்னும் சில வீடுகளில் செல்லப்பிள்ளையாக இருந்து வருகிறது. அதன் பழைய மாதிரிகளைப்போல் தனிச் சேமிப்புத் தொட்டி இல்லாத வண்டிகளில், ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பிற்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே நீர் நிற்பது போதுமானது. சூடேறினால் நீர் விரியும்; அதற்கு இடம் வேண்டும். விளிம்புவரை நிரப்பினால், மிகுதியானது வழிகுழாய் வழியாகத் தரையில் கொட்டிவிடும். வண்டி தண்ணீர் குடிக்கிறது என்று எண்ணி உரிமையாளர் மீண்டும் மீண்டும் ஊற்றிக்கொண்டிருப்பார்.

மாருதி 800 போன்ற வண்டிகளில் வெண்மையான சேமிப்புத் தொட்டி ஒன்று உண்டு. அதில் மேல்கோடு, கீழ்கோடு என இரு கோடுகள் தெரியும். குளிர்ந்த நிலையில் நீர் அவ்விரு கோடுகளுக்கும் இடையே நிற்க வேண்டும். எனினும், வண்டி பழையதாயின் தொட்டியை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்ளலாகாது. மூடியின் ரப்பரோ இணைப்புக் குழாயோ பழுதானால், தொட்டி நிறைந்திருக்க ரேடியேட்டர் வற்றியிருக்கக்கூடும். இத்தகைய வண்டியில் ரேடியேட்டர் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். விரியும் நீரைத் தொட்டி ஏற்றுக்கொள்ளும்.

எதனை ஊற்றுவது? கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் கரைந்துள்ள சுண்ணாம்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து வழியை அடைத்துவிடும். கூலண்டும் வடித்த நீரும் சம பங்காகக் கலந்த கலவையே பெரும்பாலான வண்டிகளுக்கு ஏற்றது. அது துருவைத் தடுக்கும். கொதிநிலையையும் சில டிகிரி உயர்த்தும். கடைகளில் நேராக ஊற்றும் வகையும் உண்டு. நீர் கலக்க வேண்டிய வகையும் உண்டு. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குக. நிறம் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரு வகைகள் ஒன்றோடொன்று சேரும் என்று கொள்ள வேண்டாம். வண்டியின் கையேடு கூறும் வகையே சரியானது.

இனி மலையேறுவோம். வளைவுகள் தொடங்கியதும் வண்டி தாழ்ந்த கியரில் மெல்ல ஊர்கிறது. இயந்திரத்தின் உழைப்போ மிகுதி. எதிர்வரும் காற்றோ குறைவு. டம் டம் பாறையருகே நின்றால், பள்ளத்தாக்கிற்கு அப்பால் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையாறு அருவி, பாறைமேல் தொங்கவிட்ட வெள்ளை நூலாகத் தெரிகிறது. எலிவால் அருவி என்ற அதன் மற்றொரு பெயர் எவ்வளவு பொருத்தமானது! கண்கள் அங்கே இளைப்பாறும்போது, காதுகள் பானட்டின் பக்கம் இருக்கட்டும். இங்கு இயற்கை விதி ஒன்றும் வேலை செய்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை தாழ்கிறது. கடற்கரையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், கோடைக்கானலில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இக்குறையை ஈடுசெய்வது ரேடியேட்டர் மூடியே. சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி, கொதிநிலையைப் பத்து டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. ரப்பர் தேய்ந்த மூடி அழுத்தத்தை நழுவவிடும். நீர் முன்னதாகவே கொதிக்கும். நல்ல மூடியினால் விளையும் ஆபத்தும் ஒன்று உண்டு. அடைபட்டிருக்கும் நீர், கொதிநிலையைத் தாண்டிய சூட்டில் இருக்கும். திறந்த கணமே அது நீராவியாகச் சீறி எழுந்து முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

ஊத்து என்னும் ஊரருகே சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட காட்சி இது. ஆவி கக்கிய பழைய கார் ஒன்று ஓரமாக நின்றது. உள்ளே மூதாட்டி ஒருவரும் இரண்டு சிறுவர்களும் அமர்ந்திருந்தனர். இளைஞர் ஒருவர் துண்டை மடித்து மூடியின்மேல் வைத்தார். எதிரே தேநீர் அருந்திக்கொண்டிருந்த முதிய லாரி ஓட்டுநர் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

“தம்பி, கையை எடுங்க! அது ஆறட்டும்.”

“பாட்டிக்கு உடம்பு சரியில்லைண்ணே, சீக்கிரம் போகணும்.”

“முகம் வெந்துபோனா யார் கூட்டிக்கிட்டுப் போவாங்க தம்பி? பாட்டியம்மா இறங்கி நிழல்ல உட்காரட்டும்.”

முக்கால் மணி நேரம் சென்றது. மேல்குழாயைத் துணியால் மெல்ல அழுத்திப் பார்த்தார்கள்; அது தளர்ந்திருந்தது. மூடியைச் சிறிது திருப்பி நிறுத்தினார்கள், சீற்றம் எழவில்லை. பிறகே திறந்தார்கள். இயந்திரம் ஆறியிருந்தும் நீரைச் சிறிது சிறிதாகவே ஊற்றினார் பெரியவர். சூடான இரும்பில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் இயந்திரத்தின் தலைப்பகுதி விரிசல் கண்டுவிடும் என்றார். ஒன்றரை லிட்டர் உள்ளே சென்றது. அத்துடன் அவர் விடவில்லை. “போன தண்ணி எங்கே போச்சு?” என்று குனிந்து தேடினார். கீழ்க்குழாயின் பட்டை தளர்ந்து, சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. திருப்புளியால் அதை முறுக்கிய பின்னரே வண்டியைப் போகவிட்டார்.

அக்கேள்வியே இவ்விஷயத்தின் உயிர்நாடி. நிரப்புவது மருந்தன்று; நோயைக் காட்டும் அளவுகோல். குழாய், பட்டை, வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் அடிப்பகுதி ஆகியவற்றில் கசிவு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே ஒழுக்கு இன்றியே நீர் குறைந்து, புகைபோக்கியில் வெண்புகை நீடித்தாலோ, ஆயில் மூடியின் உட்புறம் பாலாடை போன்ற படிவு காணப்பட்டாலோ, இயந்திரத்தின் உள்ளேயே நீர் கசியலாம். அவ்வண்டி மெக்கானிக்கிடம் செல்லட்டும், மலைக்கு அன்று.

பெருமாள்மலையைக் கடந்தால் வெள்ளி அருவி நம்மை வரவேற்கிறது. ஏரியிலிருந்து வழியும் நீரே இங்கு ஏறத்தாழ 55 மீட்டர் விழுகிறது. அதன்பின் செண்பகனூர், 1895ஆம் ஆண்டில் இயேசு சபையினர் நிறுவிய திரு இருதயக் கல்லூரி அங்கே அமைதியாக நிற்கிறது. இன்னும் சில வளைவுகளில் ஊர் வந்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு சொல். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு, சிறுநீரகங்களை அழிக்கவல்லது. மீந்ததைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். நாயும் பூனையும் அதை நக்கும்.

மலைமேல் இரவு தங்குவோர், மறுநாள் காலை இறங்குமுன் குளிர்ந்த இயந்திரத்தின் மூடியை மீண்டும் ஒருமுறை திறந்து பாருங்கள். புறப்பட்ட நாளில் கண்ட மட்டமே இருந்தால் வண்டி நலமாக உள்ளது. தாழ்ந்திருந்தால், ஊற்றிவிட்டுக் கசிவைத் தேடுங்கள். அதைக் கண்டு சரிசெய்தபின் இறங்குங்கள்.