இரண்டு நொடி அவகாசம்

இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் கணினி விளையாட்டைப் பற்றி எழுதச் சிறு தயக்கம் உண்டு. ஆயினும் துப்பறியும் கதைகளை விரும்பி வாசிக்கும் நண்பர்களுக்கு, விளையாட்டின் நடுவே திரை கறுத்துப்போவதன் காரணத்தைத் தேடும் வேலை அந்நியமாக இராது. சடலம் கிடைக்கும் இடம் ஒன்று. குற்றம் நடந்த இடம் பல வேளைகளில் வேறொன்று.

2007இல் பொதுமக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஓர் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. கிராபிக்ஸ் அட்டையிடம் ஒப்படைத்த வேலை இரண்டு நொடிகளில் முடியாமலும், அட்டை அதைக் கைவிட்டு வேறு வேலைக்கு மாற முடியாமலும் போனால், அது உறைந்துவிட்டதாக விண்டோஸ் முடிவுசெய்து டிரைவரை மீள இயக்குகிறது. கணினி பிழைத்துக்கொள்கிறது, விளையாட்டு பெரும்பாலும் மடிகிறது. நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண்ணோடு, டிரைவர் பதிலளிப்பதை நிறுத்திப் பின் மீண்டது என்றொரு குறிப்பு எஞ்சும். ஏன் நிறுத்தியது என்பதை அக்குறிப்பு சொல்வதில்லை.

நாங்கள் மூவர் ஓர் அறையில் தங்கியிருக்கிறோம். எங்களுக்குப் பொதுவான கணினி ஒன்று உண்டு. அதிலுள்ள கிராபிக்ஸ் அட்டையை எங்களில் இளையவன் தன் முதல் சம்பளத்தில், பழைய பொருளாக, விலை பேசி வாங்கி வந்தான். சில மாதங்களில் விளையாட்டு முடங்கத் தொடங்கியது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனோம். அவர் கணினியைத் திறக்கவே இல்லை. "செகண்ட் ஹேண்ட் கார்டுதானே? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு, புது அட்டைக்கான பணத்தைத் தானே தருவதாக மெல்லச் சொன்னான். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அது. ஒரு வாரம் பொறுக்கும்படி சொன்னோம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை நோட்டில் எழுதிவைப்பது என்ற இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டோம். விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்த்தோம். டிரைவரை அடியோடு நீக்கிப் புதிதாக நிறுவினோம். நினைவகத்தை இரவு முழுவதும் சோதித்தோம். வெப்பத்தைக் கவனித்தோம், எல்லாம் அளவோடுதான் இருந்தன. விளையாட்டு முடங்கிக்கொண்டேதான் இருந்தது. பின்னர் நொடிக்கு அறுபது சட்டகம் என்று வரம்பிட்டோம், முடக்கம் நின்றது. வரம்பை நீக்கியதும் திரும்பி வந்தது. அட்டையின் உழைப்பு கூடும்போதே விழுகிறது என்பது புலப்பட்டது. அட்டையைக் கழற்றி நண்பர் ஒருவரின் கணினியில் பொருத்தினோம். மூன்று நாட்கள் வரம்பே இல்லாமல் ஓடியும் அது விழவில்லை.

ஆக, குற்றவாளி எங்கள் பெட்டிக்குள்தான் இருந்தது. அட்டையில் எட்டு முனை மின்னிணைப்புகள் இரண்டு. ஒவ்வொன்றும் 150 வாட் வரை பெறலாம். இரண்டுக்கும், நுனியில் இரு தலைகள் கொண்ட ஒரே கம்பி வழியாக மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தனிக் கம்பிகளை இணைத்தோம். அன்றிலிருந்து 4101 எங்கள் பதிவேட்டில் தோன்றவில்லை. தம்பியின் பணம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

இது எங்கள் அறையோடு நின்றுபோகும் கதையன்று. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளை வைத்திருந்த பலருக்கு, அன்ரியல் எஞ்சினில் அமைந்த விளையாட்டுகள் 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று சொல்லி விழுந்தன. நினைவகம் தாராளமாக இருந்த அட்டைகளிலும் அதே செய்திதான். பிழையோ அட்டையில் இல்லை. கோப்புகளை விரித்துக் கொடுக்க வேண்டிய செயலி நிலைகுலைந்து தப்பாகக் கணக்கிட்டது. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் செயலியைச் சிதைப்பதாக அவ்வாண்டு ஜூலையில் இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. உத்தரவாதக் காலமும் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டது. ஆயினும், ஏற்கெனவே சிதைந்துவிட்ட செயலிகளைத் திருத்தம் மீட்கவில்லை. அவற்றை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

கணினி பொய் சொல்வதில்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது. மலிவாக வாங்கியது, பழையது, இளையவன் கொண்டுவந்தது என்ற மிச்சத்தையெல்லாம் அதோடு சேர்த்துப் படிப்பவர்கள் மனிதர்கள்தாம். நோட்டு இன்னும் மேசை மீதிருக்கிறது. இதே தொல்லையில் இருக்கும் நண்பர்கள் புது அட்டைக்குப் பணம் எண்ணுமுன், பெட்டியைத் திறந்து கம்பிகளை ஒருமுறை பார்த்துவிடவும்.