நடுவில் நிற்கும் சிறு துண்டு



சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலையில், இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் உள்ள ஒரு வீட்டின் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். கிழக்கே கொல்லிமலை நீலமாகத் தெரிந்தது. என் கையில் ஒரு குறடு இருந்தது. அதை நான் எடுத்திருக்கக் கூடாது. அந்த வீட்டாரின் சம்மதத்தோடு அதைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன்.

தகப்பனார் லாரி ஓட்டுநர்; முன்பு திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு வேலைக்கும் போனவர். மகன் தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவன். மாடியில் ஒரு ஆன்டெனாவும் மேசையில் ஒரு ஸ்கேனர் கருவியும் வைத்திருக்கிறான். "வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் சோறு கிடைக்குமா?" என்பது தகப்பனாரின் பழைய கேள்வி. அதற்கு மகன் அந்தமானைச் சொல்வான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி போர்ட் பிளேயரில் அமெச்சூர் வானொலி நிலையம் அமைத்திருந்தார். 26ஆம் நாள் சுனாமி வந்து தொலைபேசிகள் ஓய்ந்தபோது, உயிரோடிருந்தவர்களைப் பற்றிய செய்தி அவரும் அவருடைய தோழர்களும் இயக்கிய வானொலி வழியாகத் தாய்நிலத்தை எட்டியது. தகப்பனார் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போவார். இப்படியே இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

ஒருநாள் அவர் சேலத்தில் பழைய பொருள் கடையொன்றிலிருந்து 30 மீட்டர் தடித்த கேபிளைத் தோளில் சுமந்து வந்தார். எல்.எம்.ஆர். 400 என்னும் வகை. விரல் பருமன் இருந்தது. மகன் அதுவரை ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கேபிளையே பயன்படுத்தி வந்தான். அவன் கேட்கும் 145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அந்த மெல்லிய கேபிள் 30 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ முக்கால் பங்கு வலிமையைத் தின்றுவிடும். தடித்த கேபிளிலோ பத்தில் ஏழு பங்கு உயிரோடு வந்து சேரும். யாரிடமோ விசாரித்துத்தான் வாங்கியிருக்கிறார். அது கேபிள் மட்டுமல்ல, இரண்டு ஆண்டுகளில் அவர் சொன்ன முதல் அன்பான வார்த்தை.

மகன் முனைகளைப் பார்த்தான். "இது பொருந்தாது, அப்பா" என்றான்.

அவன் சொன்னது உண்மை. கேபிளின் இரு முனைகளிலும் என் வகை இணைப்பி, திருகிப் பூட்டுவது. ஸ்கேனரில் இருப்பதோ சிறிய பி.என்.சி. வகை, அழுத்திக் கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்வது. ஆன்டெனாவின் அடியில் மூன்றாவதாக வேறொரு வகை. ஆனால் தகப்பனாரின் காதில் விழுந்தது வேறு: தன் பரிசு வேண்டாம் என்கிறான் மகன். கேபிள் மூலையில் கிடந்தது. என்னை அழைத்தார்கள்.

நான் அவசரமாகப் போனேன். தகப்பனார் கேபிள் டிவி சாமான் கடையில் ஒரு இணைப்புத் துண்டு வாங்கி வைத்திருந்தார். "ஐயா, அது 75 ஓம் வகை, நம்முடையது 50 ஓம், உள்துளை சிறியது" என்று பையன் தயங்கினான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. "அப்பா ஆசையாக வாங்கி வந்திருக்கிறார், விட்டுக்கொடு" என்று சொல்லி, குறட்டால் இறுக்கிப் பூட்டினேன். தடித்த ஊசி மெல்லிய துளைக்குள் நுழைந்து, அதன் உள்விரல்களை அகட்டி உடைத்தது. அதே மூச்சில், "தகப்பனிடம் மன்னிப்புக் கேள்" என்றும் சொல்லிவிட்டேன். கேட்டான். கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனான். உள்ளே உடைந்தது வெளியே தெரியவில்லை; இரண்டு இடத்திலும் அப்படித்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். எஜமானை விட்டுப் பிரிந்துபோன ஒநேசிமுவை அவர் திருப்பி அனுப்புகிறார். கட்டளையிடத் தமக்கு உரிமை உண்டென்று அறிந்தும் கட்டளையிடவில்லை, அன்பினிமித்தம் வேண்டிக்கொள்கிறார். அவன் பட்ட கடன் ஏதேனும் இருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்கிறார். நடுவில் நிற்கிறவர் அவர். இழப்பையும் அவரே ஏற்கிறார். நானோ நடுவில் நின்று, இழப்பை இளையவன்மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

மறுவாரம் போய் அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். உடைந்த துண்டுக்கு ஈடாகச் சரியானவற்றை வாங்கித் தரவும் முன்வந்தேன். அவன் தாளில் வரைந்து காட்டினான். மேலே, ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் இடையில் ஒரு அடாப்டர். கீழே, தடித்த கேபிளை நேரே ஸ்கேனரில் மாட்டக் கூடாது. அதன் கனமும் விறைப்பும் சிறிய சாக்கெட்டை நாளடைவில் பெயர்த்துவிடும். ஆகவே ஒரு முழம் மெல்லிய, வளையும் கேபிள் இடையில் வேண்டும். ஒருபுறம் என், மறுபுறம் பி.என்.சி. "அடாப்டரில் கொஞ்சம் இழப்பு உண்டு, ஐயா. மிகவும் கொஞ்சம்."

தகப்பனார் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். "இரண்டு அங்குலக் குழாயோடு ஒன்றரை அங்குலக் குழாயைச் சேர்க்க ரெடியூசர் போடுவோமே, அதுதானே தம்பி இது?"

"அதேதான், அப்பா."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத் தெரியவில்லை, அப்பா."

நான் வாயைத் திறக்கவில்லை.

துண்டுகள் வந்த பின், தகப்பனாரே மாடியேறிக் கையால் மட்டும் திருகினார். மழைநீர் இறங்காதபடி ரப்பர் நாடா சுற்றினார். சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக அனுப்பும் நாட்கள் அவை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அது நம் தலைக்கு மேல் கடந்துபோகக் கிடைப்பது பத்து நிமிடத்துக்கும் குறைவு. ஸ்கேனர் கூவியது. கைப்பேசித் திரையில் படம் வரி வரியாக இறங்கியது. அது முழுதாக முடியும்வரை தகப்பனார் மகனின் தோளில் கை வைத்து நின்றார்.

பிரியமானவர்களே, பொருந்தாத இருவரில் ஒருவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. நல்ல கேபிளும் நல்ல கருவியும் தம்மளவில் குறைவற்றவை. உங்கள் குடும்பத்தில் நடுவே நிற்கும்படி நீங்கள் அழைக்கப்பட்டால், குறட்டைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள். இருபுறத்தின் அளவையும் பொறுமையாய் அறிந்துகொள்ளுங்கள். நடுவில் வரும் சிறு இழப்பை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கான கிருபையைக் கர்த்தர் நம் ஒவ்வொருவருக்கும் தருவாராக. ஆமென்.