எங்கள் வீட்டு மீன் குளம்

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)

கோடை விடுமுறை என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று புறப்படுவோர் பலர். நானும் என் தம்பியும் புறப்பட்டது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திற்கு! அங்கே துவைக்கும் கல்லுக்கு அப்பால் தாத்தா எங்களுக்கு ஒரு மீன் குளம் வெட்டித் தந்தார். ஆறடி நீளம், நான்கடி அகலம், இரண்டடி ஆழம்.

வெறும் மண் குழியில் நீர் நிற்காதல்லவா? தாத்தா தோட்டத்துக் கொட்டகையிலிருந்து ஒரு பழைய தார்ப்பாயைக் கொண்டு வந்தார். கத்தரிச் செடிகளுக்குப் பூச்சிமருந்து கலக்கும்போது கீழே விரிக்கும் பாய் அது. "மருந்து பட்ட பாய், கண்ணு. சோப்புப் போடாமல் நாலைந்து முறை நன்றாக அலசிப் போடு" என்று என்னிடம் கொடுத்தார். அன்று தோழியின் வீட்டிற்குப் போகும் அவசரம் எனக்கு. ஒரு வாளி நீரை அதன்மேல் ஊற்றிவிட்டு, "அலசிவிட்டேன் தாத்தா" என்றேன்.

தம்பி உண்டியலை உடைத்து ஆறு தங்கமீன்கள் வாங்கினான். ஆறுக்கும் பெயர் வைத்தான். மறுநாள் காலையில் நான்கு மீன்கள் செத்து மிதந்தன. மற்ற இரண்டையும் அம்மா அவசரமாக அண்டாவிலிருந்த நல்ல நீருக்கு மாற்றினார்கள். தம்பி தேம்பித் தேம்பி அழுதான். தாத்தாவோ, "என் கைராசி அப்படி" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கமே வரவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

மூன்றாம் நாள் இரவு உறக்கம் வராமல் எழுந்து சென்று தாத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நீ பத்து முறை அலசியிருந்தாலும் விஷம் முழுவதும் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. மீனுக்குத் துளி மருந்து போதும். அந்தப் பாயை எடுத்தது என் பிழை. அலசினேன் என்றது உன் பிழை. இரண்டையும் தம்பியிடம் சொல்லிவிடுவோம்" என்றார். சொன்னோம். தம்பி இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை.

பிறகு முறையாகத் தொடங்கினோம். சிமெண்டு பூசலாமா என்று யோசித்தோம். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். பல முறை நீர் நிரப்பி, ஊறவிட்டு, வெளியேற்றிய பிறகே மீன் விடலாம். ரப்பர் விரிப்பு நல்லதுதான். ஆனால் கூரைக்கென விற்பதை வாங்காமல், மீன் குளத்திற்கென்றே விற்பதைக் கேட்டு வாங்க வேண்டும், விலையும் அதிகம். இறுதியில், பண்ணைக்குட்டைகளில் விரிக்கும் 500 மைக்ரான் கனமுள்ள கறுப்பு எச்.டி.பி.இ. விரிப்பைப் புதிதாக வாங்கினோம்.

எவ்வளவு வாங்குவது? குளத்தின் நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கைக் கூட்டி, கரையில் மடிக்க இருபுறமும் ஓரடி விட வேண்டும். அகலத்திற்கும் அப்படியே. எங்களுக்குப் பன்னிரண்டடிக்குப் பத்தடி தேவைப்பட்டது. கூர்மையான கற்களையும் வேர்களையும் அகற்றி, சலித்த மணலும் பழைய சாக்குகளும் பரப்பி, அதன்மேல் விரித்தோம். இரண்டு நாட்கள் தொட்டியில் பிடித்து வைத்து, குளோரின் வாசனை போன குழாய் நீரையே ஊற்றினோம்.

வடிகட்டியும் நாங்களே செய்தோம். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஸ்பாஞ்சும் கழுவிய கூழாங்கற்களும் அடுக்கினோம். ஒரு சிறிய மோட்டார் குளத்து நீரை அதன் வழியே இடைவிடாமல் சுற்றிவிடும். ஸ்பாஞ்சு அழுக்கைப் பிடிக்கும். ஆனால் உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுடையது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதைச் செடிகள் உரமாக உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை குளத்தில் மீன் விடாமல், தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் மட்டும் போட்டு வந்தோம். "எப்போது? எப்போது?" என்று தம்பி துளைத்தெடுத்தான். மீன் கடையில் வாங்கிய சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பிறகே, அண்டாவிலிருந்த இரண்டு மீன்களையும் விட்டோம்.

ஸ்பாஞ்சு கழுவுவது இப்போது என் பொறுப்பு. குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரின் பட்டு நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். ஆதலால் குளத்து நீரையே வாளியில் மொண்டு, அதில் மெல்லப் பிழிந்து எடுப்பேன். சென்ற ஞாயிறன்று தம்பி அருகில் வந்து நின்று, "உண்மையாகவே கழுவினாயா அக்கா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. கலங்கிய வாளி நீரை அவனிடம் காட்டினேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான்.

தோழியரே, குளத்து நீர் ஆறு வாரங்களில் தேறிவிட்டது. தம்பியின் நம்பிக்கை இன்னும் தேறிக்கொண்டிருக்கிறது. அதற்கும் நான் காத்திருக்கிறேன்.