மாற்றுவதும் மாறுவதும்: ஒரு பழைய பிக்கப்பின் கியர்பெட்டி

கிளட்ச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வண்டிக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்டர்டு’ என்றொரு பெயர் உண்டு. வண்டியின் அடிப்படை விலையிலேயே அடங்கி வந்தது அது. ஆட்டோமேட்டிக் வேண்டியவர்கள் கூடுதலாகப் பணம் கட்டினார்கள். இன்று அந்நாட்டில் விற்பனையாகும் புதிய வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் கிளட்ச் மிதியே கிடையாது. ஆயினும் இல்லாத ஒன்றைத்தான் இன்னும் ‘வழக்கமானது’ என்கிறார்கள். பொருள் போன பின்னும் சொல் நிற்பது எந்த மொழிக்கும் புதிதன்று. தமிழ் இவ்வேறுபாட்டை வினையிலேயே வைத்துவிடுகிறது. மேனுவலில் ஓட்டுநர் கியரை மாற்றுகிறார். ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறுகிறது. பிறவினைக்கும் தன்வினைக்கும் நடுவே நிற்கும் அந்த ஒற்றை மெய்யெழுத்தைப் பற்றித்தான் பழைய டிரக் வைத்திருப்போர் ஓயாமல் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

டிரக் என்றதும் நம் சாலைகளின் பத்துச் சக்கர லாரி நினைவுக்கு வரலாம். அமெரிக்கர் சொல்வது பெரும்பாலும் பிக்கப்பை. முன்னே மூவர் நெருங்கி அமரும் ஒரே இருக்கை, பின்னே திறந்த சரக்குத் தொட்டி. வைக்கோல் கட்டும் தீவனமூட்டையும் ஏற்றிய குடும்ப வண்டி.

அப்படியொரு வண்டி, 1965ஆம் ஆண்டுச் செவ்ரலே சி10, மேற்குப் பென்சில்வேனியாவின் மேட்டு நிலத்தில் ஒரு முதியவரின் கொட்டகையில் நிற்கிறது. அவருடைய தந்தை புதிதாக வாங்கியது. 283 கன அங்குல வி8 என்ஜினைப் பிரித்துச் சீர்செய்தாயிற்று. எஸ்எம்420 எனப்படும் நான்கு கியர் பெட்டி கழற்றப்பட்டு மேசைமேல் கிடக்கிறது. அதையே மீண்டும் பூட்டுவதா, ஆட்டோமேட்டிக் பூட்டுவதா என்பதில் குளிர்காலம் முழுவதும் கழிந்துவிட்டது. அவருக்கு எழுபது கடந்துவிட்டது. இடது முழங்காலில் அறுவை நடந்திருக்கிறது. மனைவிக்கு மேனுவல் ஓட்டத் தெரியாது. ஐம்பதாண்டு மணவாழ்வில் அந்த வண்டியை அவர் ஒருமுறைகூட ஓட்டியதில்லை. மகனோ, அசல் கியர்பெட்டியைத் தொடக் கூடாது, தாத்தாவின் வண்டி தாத்தாவின் வண்டியாகவே இருக்க வேண்டும் என்கிறார். தொலைநகரில் வாழும் அந்த மகன் அன்றாடம் ஓட்டுவது ஆட்டோமேட்டிக் கார் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

‘அசல்’ என்னும் வாதத்தைச் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பில் 1953லேயே ஃபோர்டோமேட்டிக் கிடைத்தது. செவ்ரலே 1954இல் தன் பிக்கப்புகளுக்கு ஹைட்ராமேட்டிக்கை அளித்தது. 1965இன் சி10-ஐயும் பவர்கிளைடு என்னும் இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக்குடன் வாங்கியிருக்கலாம். ஆகவே உழவரின் டிரக் என்றால் கிளட்ச் இருந்தே தீர வேண்டும் என்பது பிற்காலத்தார் கட்டிய நினைவு. இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1928இல் காடிலாக் கார்களில் அறிமுகமான சின்க்ரோமெஷ், மேனுவல் கியரை எளிதாக்கிய முதல் பெரிய கண்டுபிடிப்பு. அதற்கு முன் பற்களின் வேகம் பொருந்த ஓட்டுநரே இருமுறை கிளட்ச் மிதித்து, இடையில் ஆக்சிலரேட்டரைத் தட்டி, செவியால் நேரம் பார்த்து மாற்ற வேண்டியிருந்தது. அந்தச் சின்க்ரோமெஷ்ஷை உருவாக்கிய ஏர்ல் தாம்ப்சன்தான் 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ராமேட்டிக்கை உருவாக்கிய குழுவுக்கும் தலைவர். கையுழைப்பின் அடையாளமாகப் போற்றப்படும் மேனுவலும் உழைப்பைக் குறைக்க வந்த பாதையில் ஒரு நிறுத்தமே. கோட்டை எங்கே கிழிப்பது என்பது அவரவர் வயதைப் பொறுத்தது போலும்.

மேசைமேல் கிடக்கும் எஸ்எம்420-இன் இயல்பையும் சொல்ல வேண்டும். அதன் முதல் கியரின் விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று. அதில் வண்டி நடை வேகத்தில்தான் ஊரும்; சேற்றிலிருந்து வண்டியை மீட்கவும், கட்டுகளை ஏற்றியபடி வயலில் நகரவும் அமைந்தது. அந்தக் கியருக்குச் சின்க்ரோமெஷ் கிடையாது. வெற்று வண்டியை ஓட்டுவோர் அதை விட்டுவிட்டு இரண்டாவதிலேயே புறப்படுவார்கள். பெயருக்கு நான்கு, புழக்கத்தில் மூன்று. இரும்புப் பெட்டி கனத்தது, முரட்டுத்தனமானது, எளிதில் அழியாதது. இந்த மனிதர் இனி வைக்கோல் ஏற்றப்போவதில்லை. விதைக்கடைக்கும், ஞாயிறன்று பதினைந்து மைல் தொலைவிலுள்ள தம்பி வீட்டுக்கும், நெடுஞ்சாலை வழியே சில வேளை மருத்துவமனைக்கும் போவார்.

நெடுஞ்சாலையில்தான் கணக்கு வேறு உண்மையைக் காட்டுகிறது. பின்னச்சின் விகிதம் 3.73, சக்கரத்தின் விட்டம் 28 அங்குலம் என்றால், மணிக்கு 60 மைல் வேகத்தில் நேர்விகித டாப் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 முறை சுழலும். பழைய எஸ்எம்420 ஆனாலும், மூன்று கியர் கொண்ட டர்போ 350 ஆட்டோமேட்டிக் ஆனாலும் இதே எண்தான். இரண்டுக்கும் டாப் ஒன்றுக்கு ஒன்று. ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டரின் நழுவல் சிறிது கூட்டும், அவ்வளவே. ஓவர்டிரைவ் உள்ள 700ஆர்4 பெட்டியில் நான்காம் கியரின் விகிதம் 0.70. அதே வேகத்தில் என்ஜின் 1,900 அளவில் அடங்கிவிடும். அறைக்குள் பேச்சு கேட்கும். ஓவர்டிரைவ் கொண்ட ஐந்து கியர் மேனுவலும் இதே அமைதியைத் தரும். எனவே சாலையில் உணரும் பெரிய வேறுபாடு ஓவர்டிரைவ் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையிலானது. மேனுவல், ஆட்டோமேட்டிக் என்ற பிரிவு அங்கே இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. வழக்காடுவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

1982இல் வந்த அந்த 700ஆர்4 கணினி இல்லாமலே இயங்கும் என்பதால் பழைய வண்டிகளுக்கு ஏற்றது. ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் ஒரு மெல்லிய கேபிள், ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பெட்டிக்குச் சொல்கிறது. அதைக் கொண்டே உள்ளிருக்கும் எண்ணெயின் அழுத்தம் அமைகிறது. கேபிள் தளர்வாகப் பூட்டப்பட்டால் அழுத்தம் குறையும். உள்கிளட்ச்சுகள் வழுக்கிச் சூடேறும். நல்ல பெட்டி சில நாளிலேயே கருகும். பிறகு ஆட்டோமேட்டிக்கே மட்டம் என்று பழி வரும். மேனுவலின் குறை கைக்கும் காலுக்கும் உடனே தெரியும், பல் உரசும் ஓசை எச்சரிக்கும். ஆட்டோமேட்டிக் தன் நோயை எண்ணெயின் நிறத்திலும் நாற்றத்திலும் மறைத்து வைக்கும். அதனால் தனி எண்ணெய்க் குளிர்விப்பான் பூட்டாமல் இப்பணியைத் தொடங்கவே கூடாது.

மேனுவல் போற்றுவோர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. மலைச்சரிவில் இறங்குகையில் தாழ்ந்த கியர் வண்டியைப் பிடித்து நிறுத்துவதுபோல் பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகள் நிறுத்துவதில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள இவ்வண்டியில் அது சிறிய செய்தியன்று. திறனும் அருகி வருகிறது. பெரிய பிக்கப்புகளில் ராம் நிறுவனத்தின் டீசல் வண்டிகள் மேனுவலைக் கடைசிவரை வைத்திருந்தன. 2018ஆம் ஆண்டு மாதிரியோடு அதுவும் நின்றது. புரியும், ஆனால் பேச வராது என்னும் நிலையில் பாட்டியின் மொழியைப் பெற்ற பேரப்பிள்ளைகளைப் போல, இடையே மூன்றாவது மிதி எதற்கென்று அறிந்தும் அதை மிதிக்கத் தெரியாத தலைமுறை ஒன்று வந்துவிட்டது. ஆனால் அத்திறனைக் காக்கும் கடமையை அறுவை செய்த முழங்காலின் மேல் சுமத்துவது முறையன்று. கற்க விரும்பாத மகன், கற்றவர் வலியோடு காக்க வேண்டும் என்று கேட்பது அன்பின் குரலாக இருக்கலாம். நியாயத்தின் குரலாக இல்லை.

முதியவரை அசைத்தது மனைவியின் ஒரு கேள்விதான். “மருத்துவமனையிலிருந்து உங்களைத் திருப்பி அழைத்துவர இந்த வண்டியை நான் ஓட்ட வேண்டாமா?” என்றார் அந்த அம்மையார். இடக்கால் ஓய்ந்த நாளில், வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் எவருமில்லாத வண்டி விற்பனைக்குத்தான் போகும் என்பதை அவரும் அறிவார்.

700ஆர்4 வாங்கியாயிற்று. சட்டத்தை வெட்டவோ பற்றவைக்கவோ கூடாது, பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டம் போல்ட்டால் மட்டுமே பூட்டப்பட வேண்டும் என்பது அவர் விதித்த ஒரே கட்டளை. பின்னொரு நாள் யாரேனும் விரும்பினால் பழையதை ஏற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டுமாம். ஃப்ளைவீலின் இடத்தில் மெல்லிய ஃப்ளெக்ஸ்பிளேட் ஏறிவிட்டது. கிளட்ச் மிதியை மட்டும் கழற்ற அவர் இன்னும் இசையவில்லை. எதனோடும் இணைக்கப்படாமல் அது தன் இடத்தில் தொங்குகிறது. புதிய பெட்டியின் நீளம் வேறு என்பதால் பின்னச்சுக்குச் செல்லும் தண்டை அளந்து வெட்ட வேண்டியிருக்கிறது. பெட்டி பொருந்தி, நான்கு சக்கரமும் தரையில் நின்று, வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்குகளில் இறங்கிய பிறகுதான் அந்த அளவை எடுக்க வேண்டும்.