அடுப்புக்கு வந்தது, டாங்குக்குப் போனது

மும்பையில் காருக்குத் தவறான எரிபொருள் போடுவதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று கைத்தவறு. மற்றொன்று கைவரிசை.

கைத்தவறு சாதாரண விஷயம். ஒரே மாடல் கார் பெட்ரோல் ரகமாகவும் டீசல் ரகமாகவும் விற்கப்படுகிறது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் மாலை நேர நெரிசல். பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். ஓட்டுநர் செல்போனில் பேசிக்கொண்டிருக்கிறார். பம்ப் ஊழியர் கைக்கு அகப்பட்ட குழாயைச் செருகிவிடுகிறார். டீசல் காரில் பெட்ரோல் விழுந்தால்தான் சேதம் அதிகம். டீசல் என்பது அந்த எஞ்சினுக்கு எரிபொருள் மட்டுமல்ல. எரிபொருள் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழுவழுப்புத் தரும் எண்ணெயும் அதுதான். பெட்ரோல் அதைக் கழுவிவிட, உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்கிறது. பெட்ரோல் காரில் டீசல் விழுந்தால் ஸ்பார்க் பிளக் கரியேறி, வண்டி புகை கக்கி நின்றுவிடும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: சாவியைத் திருப்பாமல் வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி, டாங்கைக் காலி செய்ய வேண்டும். சாவியைத் திருப்பாதவரை நஷ்டம் டாங்கோடு நிற்கும்.

இந்தத் தவறு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மும்பையைப் பல ஆண்டுகள் இரும வைத்தது தெரியாமல் நடந்த இரண்டாவது ரகம்.

அதன் கதை செம்பூரை அடுத்த மாஹுலில் தொடங்குகிறது. இங்கே 1954-ல் ஸ்டான்வாக் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையும், அடுத்த ஆண்டு பர்மா ஷெல்லின் ஆலையும் எழுந்தன. எழுபதுகளில் அரசுடைமையான பின் அவை இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆயின. சேடா நகர் முருகன் கோயிலுக்கு வரும் செம்பூர்த் தமிழர்களுக்கு அந்த ஆலைகளின் புகைபோக்கிகள் பழகிய காட்சி. அங்கே கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையில் பிரிந்து வருவது மண்ணெண்ணெய். இந்த நடுப்பிள்ளை அண்ணனோடும் ஒட்டும், தம்பியோடும் ஒட்டும். வம்பு அங்கேதான் பிறந்தது.

மண்ணெண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம் தாராவி போன்ற பகுதிகள். தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்துகளில் கேஸ் இணைப்பு கனவாக இருந்த நாட்களில், பம்ப் ஸ்டவ்தான் குடும்பத்தின் உயிர்நாடி. ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்றால் நீலச் சாயம் கலந்த மண்ணெண்ணெய் கிடைக்கும், இருப்பு இருந்தால். "ஸ்டாக் இல்லை" என்ற பலகை தொங்கும் நாட்களில் அந்த எண்ணெய் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது, சில சமயம் டாக்சிகளின் டாங்குகளில்.

கணக்கு எளிது. 2011 தொடக்கத்தில் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் ஏறத்தாழ 12 ரூபாய். டீசல் 40 ரூபாயை ஒட்டி. பெட்ரோல் 60-ஐத் தாண்டி. ஏழைக்கென்று அரசு கொடுத்த மானியமே கலப்படக்காரரின் லாபமாயிற்று. ரேஷன் மண்ணெண்ணெயில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு வேறு வழியில் போகிறது என்று 2005-ல் தேசிய பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் கழகம் மதிப்பிட்டது. கலப்பட எண்ணெய் ஊற்றிய எஞ்சினில் கரி படிந்தது. வெளியே புகை அடர்ந்தது. அடுப்புக்கு எண்ணெய் கிடைக்காதவரே அந்தப் புகையையும் சுவாசித்தார்.

தடுக்கப் போனவர்கள் கொடுத்த விலை இன்னும் பெரியது. மாஹுலிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் குழாய் வழியே எண்ணெய் போய்ச் சேரும் மன்மாடில், 2011 ஜனவரி 25 அன்று மாலேகாவ் கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனவணே, டாங்கர்களிலிருந்து எண்ணெய் களவாடிய கும்பலை நேரில் மடக்கினார். அவரை அங்கேயே உயிரோடு எரித்தார்கள். மறுநாள் குடியரசு தினம். அதிர்ந்துபோன மகாராஷ்டிர அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 2005 நவம்பரில், கோலார் தங்கவயலில் வளர்ந்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், கலப்படம் செய்த பம்புக்கு சீல் வைத்ததற்காக உத்தரப்பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவருக்கு வயது 27.

மஞ்சுநாத்தின் மரணத்துக்குப் பின் அரசு விழித்தது. 2006-ல் மண்ணெண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத அடையாள ரசாயனம் கலக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் அதையும் கைவிட்டார்கள்.

மும்பையில் டாக்சிகளை மாற்றியது வேறு வழி. புகையால் அவதிப்பட்ட குடியிருப்போர் தொடுத்த பொதுநல வழக்கில், பழைய டாக்சிகள் சிஎன்ஜி போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஓட்டுநர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். கிட் பொருத்தக் கடன், பம்பில் நெடிய வரிசை. பிறகு கிலோமீட்டர் கணக்குப் பார்த்துச் சமாதானமானார்கள். அழுத்தத்தில் அடைத்த வாயுவில் கேனைக் கவிழ்த்துக் கலக்க முடியாது. கறுப்பு-மஞ்சள் பிரீமியர் பத்மினிகள் கடைசிக் காலத்தை இந்த வாயுவில்தான் ஓட்டி, 2023 அக்டோபரில் நகரத்திடம் விடைபெற்றன.

மண்ணெண்ணெய்க் களவை ஒடுக்கியதும் போலீஸ் அல்ல, விலைதான். 2016 முதல் ரேஷன் மண்ணெண்ணெய் விலையைச் சில்லறை சில்லறையாக ஏற்றி, 2020-ல் மானியத்தை அடியோடு நிறுத்தினார்கள். சமையலறைகளுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. கலந்து விற்பதில் முன்போல லாபம் இல்லை.

ஆனால் கவலை தீர்ந்ததா? 2025 நவம்பரில் செம்பூர் ஆர்சிஎஃப் உரத் தொழிற்சாலை வளாகத்தில் எரிவாயுக் குழாய் சேதமடைந்தபோது, நகரத்தின் பல சிஎன்ஜி பம்புகள் வறண்டன. டாக்சிகளும் ஆட்டோக்களும் வரிசையில் தவம் கிடந்தன. பெட்ரோல் பம்பிலோ இப்போது அரசே 20 சதவீதம் எத்தனால் கலந்து கொடுக்கிறது. அது சட்டப்படியான கலவை. என்றாலும் அதற்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டியின் சொந்தக்காரர், மைலேஜும் ரப்பர் குழாய்களும் என்னாகுமோ என்று கவலைப்படுகிறார்.

இந்தக் கவலைகளுக்கு நடுவே பலரும் பயன்படுத்தாத ஓர் உரிமை இருக்கிறது. எந்த பம்பிலும் வாடிக்கையாளர் வடிகட்டித் தாள் கேட்கலாம். அதில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் ஓரிரு நிமிடத்தில் ஆவியாகிவிட வேண்டும். எண்ணெய்க் கறை நின்றால் சந்தேகம்தான். அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் அளந்து காட்டவும் சொல்லலாம். பின்னால் எத்தனை பேர் ஹார்ன் அடித்தாலும் சரி.