டிக் என்றொரு ஓசை

சர்வீஸ் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு கார்டு வைத்திருக்கிறேன். ஆர்க்கிட் ரைட்டியஸ் 3டி. 1996-இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ சிப்புகள் கொண்டது. மின்விசிறி இல்லை, ஹீட்சிங்க்கூட இல்லை. விலைக்குக் கேட்டவர்கள் உண்டு. கொடுக்க மனசு வரவில்லை.

இந்தக் கார்டுக்கு விண்டோஸ் திரையைக் காட்டத் தெரியாது. அது பக்கத்து விஜிஏ கார்டின் வேலை. அதிலிருந்து ஒரு குட்டைக் கேபிள் வூடூவுக்குள் நுழையும். வூடூவிலிருந்து மானிட்டருக்கு இன்னொன்று. 3டி விளையாட்டைத் திறந்தால் கார்டிலுள்ள ரிலே ‘டிக்’ என்று அடித்துத் திரையைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும். அதுவரை குவேக்கில் சுவரை நெருங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும். இதில் வழவழவென்று நிற்கும். முதல் தடவை பார்த்தபோது விளையாடவே மறந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் இன்டெல் 945ஜி போர்டு போட்ட பெட்டி ஒன்று வந்தது. கொண்டுவந்த பையன், “கேம் திக்கித் திக்கி ஓடுதுண்ணா, கார்டு வாங்கணுமா?” என்றான். அதிலிருந்தது ஆன்போர்டு கிராஃபிக்ஸ், ஜிஎம்ஏ 950. 2005-இல் வந்தது. ‘ஆன்போர்டா?’ என்று நாங்களெல்லாம் உதட்டைப் பிதுக்கும் ரகம்.

கணக்கு என்னவோ வேறு சொல்கிறது. வூடூ 50 மெகாஹெர்ட்ஸில் துடிப்புக்கு ஒரு புள்ளி வரையும். வினாடிக்கு 5 கோடி. ஜிஎம்ஏ 400 மெகாஹெர்ட்ஸில் துடிப்புக்கு 4 புள்ளி, 160 கோடி. 32 மடங்கு! ஒரு விஷயத்தில் இரண்டும் ஒரே ஜாதி: முக்கோணங்களின் முனைகள் எங்கே விழும் என்ற கணக்கை இரண்டுமே பிராசஸர் தலையில் கட்டிவிடும். அப்புறம் ஏன் திக்குகிறது?

வூடூ தனிக்குடித்தனம். 4 எம்பி நினைவகம், முழுக்க அதனுடையது. 2 எம்பி திரைக்கு, 2 எம்பி சுவர், தரைப் படங்களுக்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பாதை, ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 40 கோடி பைட். 640-க்கு 480 திரையில் புள்ளிக்கு 2 பைட் என்றால் ஆறு லட்சத்துச் சொச்சம் பைட். இப்போது தெரியும் படம், அடுத்து வரப்போகும் படம், எது முன்னே எது பின்னே என்ற ஆழக் கணக்கு என்று மூன்று மடங்கு ஆக்கினாலும் 2 எம்பிக்குள் கச்சிதமாக அடங்கும். அதற்கு மேல் ஆசைப்பட்டு 800-க்கு 600 போனால் ஆழக் கணக்குக்கு இடம் இருக்காது. அளவறிந்து கட்டிய வீடு.

ஜிஎம்ஏ கூட்டுக்குடும்பத்து மருமகள். சொந்தமாக ஒரு பைட்கூட இல்லை. பிராசஸர் சாப்பிடும் அதே ரேமிலிருந்துதான் இதற்கும் படியளப்பு. 1280-க்கு 1024 திரையை, விளையாட்டே இல்லாமல் சும்மா காட்டிக்கொண்டிருக்கவே வினாடிக்கு 31 கோடி பைட்டுக்கு மேல் ரேமிலிருந்து படிக்க வேண்டும். வூடூவின் திரைப் பாதை முழுவதுமே 40 கோடிதான் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

மூடியைக் கழற்றினேன். நினைத்தபடியே ஒற்றை ரேம் குச்சி, 1 ஜிபி டிடிஆர்2-667. ஒரு சேனல்தான் ஓடுகிறது, வினாடிக்கு 533 கோடி பைட். விளையாடும்போது பிராசஸரும் கிராஃபிக்ஸும் அதற்கே முட்டிக்கொள்ளும். பெட்டியை விற்றவர் யாரோ, இரண்டு 512 குச்சிக்குப் பதில் ஒன்றைச் சொருகி வேலையை முடித்திருக்கிறார். விலைப்பட்டியலில் இரண்டும் 1 ஜிபிதானே!

குச்சியை எடுத்து வைத்துவிட்டு, பழைய சரக்கிலிருந்து ஒரே மாதிரி இரண்டு 512-ஐத் தேடி, சேனலுக்கு ஒன்றாகச் சொருகினேன். சிபியு-இசட்டில் ‘சிங்கிள்’ என்றிருந்தது ‘டூயல்’ ஆனது. ரேம் அதே 1 ஜிபிதான், பாதை மட்டும் இரண்டு. பையன் விளையாடிப் பார்த்தான். பறக்கவில்லை, ஆனால் திக்கல் வெகுவாகக் குறைந்திருந்தது. இதற்கு மேல் வேண்டுமென்றால் கார்டு வாங்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவன் கிளம்புமுன் சும்மா இருக்க முடியாமல், பழைய பென்டியம் பெட்டியில் வூடூவைப் பொருத்திக் குவேக்கைத் திறந்தேன். ரிலே ‘டிக்’ என்றது. பையன் பதறிக் கையை இழுத்துக்கொண்டான். “அண்ணா, உள்ள ஏதோ போயிடுச்சு போல!”