குன்னூருக்கு வந்த லியர்

கடல் கடந்து வாழும் அன்புப் பேத்திக்கு, குன்னூரிலிருந்து தாத்தா எழுதுவது.

எட்வர்டு லியர் பிறந்த மே 12-ஆம் நாளை, அவர் பரப்பிய லிமெரிக் எனும் ஐந்தடி நகைப்பாட்டின் நாளாகக் கொண்டாடும் வகுப்பில் தன் மலைக்கும் பங்குண்டா, அல்லது அது முற்றிலும் அயலார் விழாவா என்று பேத்தி தயங்கிக் கேட்டதற்கு விடை 1874-ஆம் ஆண்டில் இருக்கிறது. வைசிராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கிய லியர், தொழிலால் நிலக்காட்சி ஓவியர். மறு ஆண்டு, அறுபது வயது கடந்த நிலையில், குன்னூரையும் உதகையையும் கண்டு வரைந்தார். அப்போது இங்கே ரயில் இல்லை; பல்சக்கர ரயில் குன்னூரை எட்டியது 1899-இல்தான். குன்னூரின் சிம்ஸ் பூங்கா உருவானதோ அவர் வந்த அதே 1874-இல்.

தாத்தா பயின்ற காலத்தில் ஆந்தையும் பூனையும் படகேறிய லியரின் பாட்டை மனப்பாடமாக ஒப்பித்த குன்னூர்ப் பிள்ளைகளுக்கு, அதை எழுதியவர் இம்மலைக்கு வந்தவர் என்று எவரும் சொன்னதில்லை. பேத்தியும் அந்த ஒரு பாட்டோடு நின்றுவிட்டது சற்றே வருத்தம் தருகிறது.

அவருடைய எழுத்தில் இந்நாட்டுக்கு நெருங்கியது, 1874 ஜூலையில் பம்பாயின் டைம்ஸ் ஆஃப் இந்தியா இதழில் வெளிவந்து, 1877-இல் நூலேறிய 'கம்மர்பண்ட்' என்ற பாட்டாகும். கம்மர்பண்ட் என்பது இடுப்பில் சுற்றும் கச்சை. பாட்டிலோ அது பெண்ணை விழுங்கும் பூதம். சப்ராசிகள், அதாவது அலுவலகச் சேவகர்கள், பொன் துடுப்பு மீன்களாக நீந்துகிறார்கள். ஆயாக்கள் மரவுச்சியில் பச்சை நிறத்தில் அமர்கிறார்கள். மனிதர் தோளில் சுமந்த ஜம்பான் என்னும் நாற்காலிப் பல்லக்கு குகைக்குள் ஊளையிடுகிறது. துரைமார் வீட்டு ஏவலர் பெயர்களை ஒலியின் வேடிக்கைக்காக மட்டுமே எடுத்தாண்ட இக்கற்பனை சிரிக்க வைக்கிறது. ஆனால் அந்த ஏவலரின் வழிவந்தோர் வாழும் நாட்டில் அச்சிரிப்பு முழுதாக எழுவதில்லை. ஆயினும் ஒதுக்கத்தக்க பாட்டன்று. ஆந்தைப் பாட்டைவிடக் கூரியது என்பதே தாத்தாவின் துணிபு.

நாள்தோறும் லியர் எழுதிய இந்தியக் குறிப்பேடுகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. அவற்றின் பகுதிகள் 1953-இல் நூலாயின. லியர் வந்ததால் நீலகிரி பெருமை பெற்றதென்று கொள்ளல் தவறு. தோடரும் கோத்தரும் படகரும் வாழ்ந்த மலைக்கு அவர் ஒரு விருந்தாளி, அவ்வளவே. எனவே வரும் மே மாதத்தில் பேத்தி கம்மர்பண்டை வாசித்து, சப்ராசியும் ஆயாவும் யாரென்று வகுப்புக்குத் தானே எடுத்துரைக்கட்டும்.